இதில் கோதுமை உண்டா?

மைசூரு உணவகங்களில் இட்லி கேட்டால், ‘எந்த இட்லி?’ என்னும் கேள்வி எழுவதுண்டு. அரிசியும் உளுந்தும் அரைத்துச் செய்வது ஒன்று; ரவையில் செய்வது மற்றொன்று. இரண்டாம் உலகப் போரின்போது அரிசி அரிதாகவே, பெங்களூரில் எம்.டி.ஆர். உணவகத்தார் ரவை இட்லியை உருவாக்கினர் என்பர். ரவை கோதுமையிலிருந்து பெறப்படுவது. பலர்க்கு இது சுவை பற்றிய செய்தி. சீலியாக் நோயுள்ள குழந்தைக்கோ உடல்நலம் பற்றிய செய்தி.

அதே போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், நெதர்லாந்தைக் கடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்கவில்லை. நாடே மெலிந்தபோது, நெடுநாள் வயிற்றுப்போக்கால் நலிந்திருந்த சில குழந்தைகள் மட்டும் தேறினர். கோதுமையின்மீது முன்பே ஐயம் கொண்டிருந்த வில்லெம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் இதனைக் கூர்ந்து நோக்கினார். 1950இல் தம் ஆய்வேட்டில், அந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்.

கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்னும் புரதம் உண்டு. மைதா மாவு இழுபடுவதும், பரோட்டாவை வீசி விரிக்க இயல்வதும் அதனால்தான். சீலியாக் நோயுள்ளோர் அதனை உண்டால், அவர்தம் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உறிஞ்சிகளைச் சிதைக்கிறது. உண்ட உணவின் சத்து உடலில் சேராது. குழந்தையின் வளர்ச்சி குன்றும். வாழ்நாள் முழுதும் குளுட்டனைத் தவிர்ப்பதே மருத்துவம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் குளுட்டன் இல்லை. ஆகவே மைசூரு வட்டாரத்து ராகி முத்தெ அவர்களுக்கும் உரியதே.

இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. இந்நோய் வடக்கே மிகுதியாகவும் தெற்கே மிகக் குறைவாகவும் காணப்பட்டது. நோய்க்கு இடம் தரும் மரபணுக்களோ எல்லாப் பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. வேறுபட்டது உணவு: வடக்கே கோதுமை நாள்தோறும் பெருமளவில் உண்ணப்பட்டது, தெற்கே அதன் அளவு மிகச் சிறிது. பணியிட மாறுதலால் ஊர்விட்டு ஊர் சென்று, அரிசியை விடுத்துச் சப்பாத்திக்குப் பழகும் தமிழ்க் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

உணவு ஒவ்வாமை இதனின் வேறு. நிலக்கடலையோ பாலோ முட்டையோ ஒவ்வாதவர்க்குச் சில நிமிடங்களிலேயே உடல் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறலாம். அந்நிலையில் அட்ரினலின் ஊசியும் மருத்துவமனையும் உடனே தேவை. ஒருவர்க்கு ஏற்றது மற்றவர்க்கு ஆகாமலும் போகும். கடலை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துச் செய்யும் மைசூர்பாகில் கோதுமை இல்லை. பால் ஒவ்வாதவர்க்கு அதன் நெய்யே ஐயத்திற்குரியது.

பண்டத்தின் பெயரை நம்புவதும் தவறு. தமிழ்நாட்டில் மைசூர் போண்டாவை உளுந்தில் செய்வர். ஆந்திரத்தில் அதே பெயருடையதை மைதாவில் செய்வர். மைசூருவின் பெயர் மட்டும் இரண்டிலும் உண்டு! சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்க்கப்படும். பூரி பொரித்த எண்ணெயிலேயே உளுந்து வடையும் வேகும். கடலில் செல்லும் உல்லாசக் கப்பலின் விருந்து மேசையிலும் இதே இடர் உண்டு. ஒரு பாத்திரத்துக் கரண்டி அடுத்த பாத்திரத்திற்குத் தாவிவிடும்; கரையிலுள்ள மருத்துவமனையோ தொலைவில் இருக்கும். எனவே அத்தகைய பயணிகள் முன்பதிவின்போதே தம் நிலையைத் தெரிவித்து, தனியே சமைத்த உணவைக் கேட்டுப் பெறுவர்.

“கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது” என்று அன்போடு வற்புறுத்தும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களிடம், “வேண்டாம் அத்தை, எனக்கு இது நோய் தரும், பழம் இருந்தால் தாருங்கள்” என்று கூறலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. மைசூரு உணவகத்தில், “இதரல்லி கோதி, மைதா, ரவெ ஏனாதரூ இதெயா?” என்று கன்னடத்தில் வினவலாம். கோதுமையைக் கன்னடத்தில் கோதி என்பர். பரிமாறுபவர் அறியாவிடில், சமைப்பவரிடம் கேட்டுவருமாறு வேண்டலாம். எந்த மாவு, எந்தக் கல், எந்த எண்ணெய் ஆகிய மூன்றையும் கேட்ட பின்னரே தட்டைத் தொடுதல் வேண்டும்.

சொற்பொருள்
வாற்கோதுமை – பார்லி
உறிஞ்சிகள் – சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய விரல் போன்ற பகுதிகள்
இடர் – ஆபத்து

செயல்பாடு
1. வீட்டிலுள்ள பெருங்காயப் பெட்டியில் அச்சிட்டுள்ள சேர்பொருள்களைப் படித்துத் தமிழில் எழுதுக.
2. நிலக்கடலை ஒவ்வாத நண்பன் உன் பிறந்தநாள் விருந்துக்கு வருகிறான். சமைப்பவரிடம் நீ கேட்க வேண்டிய நான்கு வினாக்களை எழுதுக.