சேர்வர் தாமதமா? வாங்குமுன் சோதியுங்கள்

பில் போட வந்த வாடிக்கையாளர் கணனிக்காகக் காத்து நின்றால் அடுத்த முறை பக்கத்துக் கடைக்குத்தான் போவார். எனவே சேர்வரில் ஏற்படும் தாமதம் வியாபாரத்திற்கே நட்டம். இந்நிலையில் பலரும் உடனே புதிய சேர்வருக்கு விலை கேட்கிறார்கள். கடைகளின் கணனி வலையமைப்புகளைப் பராமரிக்கும் தொழிலில் உள்ளவன் என்ற வகையில், அதற்கு முன் செய்யவேண்டிய நான்கு சோதனைகளைத் தருகிறேன்.

1. யாருக்கு, எப்போது?
தாமதம் ஒரு கணனிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? ஒன்றுக்கு மட்டுமென்றால் அக்கணனி, அதன் கேபிள், சுவிட்சில் அது பொருத்தப்பட்டுள்ள இடம் ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் என்றால் சேர்வர் அல்லது சுவிட்ச். தாமதமாகும் நேரத்தை மூன்று நாட்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

நான் பார்த்த ஒரு மொத்த வியாபாரக் கடையில் தினமும் காலையில் மட்டும் பில் தாமதமானது. பிரதி எடுக்கும் வேலை அதிகாலை 2 மணிக்கு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. ஆனால் இரவில் சேர்வரை நிறுத்திவிடுவார்கள். தவறிய வேலை, கடை திறந்து சேர்வரைப் போட்டதும் ஆரம்பித்துவிடும்! கடைசி பில்லுக்குப் பின் பிரதி எடுக்கும்படி மாற்றினேன். செலவு எதுவுமில்லை.

2. வேகத்தை அளவிடுங்கள்
100 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை சேர்வரிலிருந்து பிரதி செய்யுங்கள். 100 மெகாபிட் இணைப்பில் சுமார் 10 விநாடி எடுக்கும். கிகாபிட் இணைப்பில் ஓரிரு விநாடி போதும். ஒரு நிமிடமானால் கோளாறு உண்டு. கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் தேவை. எலி ஒன்றைக் கடித்தாலும் வேகம் 100க்கு இறங்கலாம், இணைப்பே அறுந்தும் போகலாம். முதலில் வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

3. முதல் தடவை மட்டும் தாமதமா?
கோப்புறையைத் திறக்க அரை நிமிடம், பிறகு வேகம் என்றால், சேர்வரின் பெயரைத் தேடுவதில் சிக்கல் இருக்கலாம். பெயருக்குப் பதிலாக அதன் ஐபி இலக்கத்தைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். உடனே திறந்தால் அதுவே காரணம். அகற்றப்பட்ட பழைய கணனிகளுக்குரிய டிரைவ் இணைப்புகள் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள்.

4. ஹாட் டிஸ்க்
சேர்வருக்குள்ளேயே கோப்பைப் பிரதி செய்தாலும் தாமதம், அல்லது டிஸ்கில் 'டிக் டிக்' என்ற சத்தம் என்றால், மற்றச் சோதனைகளை விட்டுவிட்டு உடனே வேறொரு டிஸ்கில் பிரதி எடுங்கள். சேர்வரை மீண்டும் வாங்கலாம். யார் எவ்வளவு கடன் தரவேண்டும் என்ற கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.