தை பிறந்தாயிற்று: மலைக்காட்டுப் புடவில் ஓர் இரவு தங்கப் போகிறவர்களுக்கு

மழை விலகிவிட்டது. ஓடைகளில் தண்ணீர் இருக்கிறது, அட்டைகள் குறைந்துவிட்டன, மலைப்புல்லில் இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கிறது. கூட்டாளிகளோடு காட்டுப் பாறைக்கு அடியில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து வர வேண்டும் என்று வருடம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கிளம்ப வேண்டியது இப்போதுதான். பொங்கல் முடிந்ததிலிருந்து தைக் கடைசி வரை, மிஞ்சினால் நான்கு வாரம்.

அதற்குப் பிறகு தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அது மாசிக் கடைசி. புல் சருகாகக் காய்ந்திருந்த நேரம். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கித்தான் ஓடும். மனிதக் கால்கள் அதற்கு ஈடு கொடுக்காது. வனத்துறை பிப்ரவரி நடுவிலேயே மலைப்பாதைகளை மூடிவிடுவது இந்தக் காரணத்தால்தான். மூடிய பாதையில் பின்வழியாகக் கூட்டிப்போகிறேன் என்று எவ்வளவு தெரிந்தவர் சொன்னாலும் போகாதீர்கள். இந்த மாதம் முடியவில்லையென்றால் அடுத்த தைக்குத் தள்ளிவையுங்கள்.

எங்கே போவது

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எதிலும் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அங்கே இரவு தங்குவதையும் தீ மூட்டுவதையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. உள்ளூர்ப் பிள்ளைகளும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டில் நடந்தே பழகாதவர்கள் முதலில் அதில் ஒரு பகல் நடந்துவிட்டு வாருங்கள்.

இரவுக்கு நான் சொல்வது பட்டா நிலம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பன்றிமலை, பெரும்பாறைப் பக்கமெல்லாம் காபித் தோட்டங்கள். நிழலுக்காக வெட்டாமல் விட்ட பெருமரங்கள், அவற்றுக்கு நடுவே வீடு உயரப் பாறைகள். சில பாறைகள் முன்னால் நீண்டு தாழ்வாரம் போலக் கூரை விட்டு நிற்கும். அந்தப் பாறைத் தாழ்வாரத்தைத்தான் இங்கே புடவு என்கிறேன். ஆறு பேர் வரிசையாகப் படுக்கலாம். ஆறு பேருக்கு மேல் போகவும் கூடாது. கூட்டம் கூடினால் சத்தம் கூடும், சத்தம் கூடினால் காட்டின் சத்தம் நம் காதில் விழாது.

இப்போது தோட்டங்களில் காபிப் பழம் பறிக்கும் நேரம். ஆள் நடமாட்டம் இருக்கும். இது உங்களுக்கு நல்லது. தோட்டக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். போய் இறங்கிய பிறகு, அங்கே காவலுக்கு இருப்பவரிடமும் பறிக்க வந்த அம்மாக்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: “அண்ணே, இந்த வாரம் ஆனை எந்தப் பக்கம் வந்துச்சு? ஒத்தைக் காட்டுமாடு ஏதும் சுத்துதாக்கா?” இரண்டு பதிலும் ஒத்துப்போனால் தங்கலாம். “இன்னைக்கு வேணாம் தம்பி” என்று ஒருவர் சொன்னாலும் மூட்டையைக் கட்டுங்கள். காரணம் கேட்டு வாதாட வேண்டாம். அவர்கள் காலையில் பார்த்த சாணத்தை நீங்கள் பார்க்கவில்லை.

தைப்பூசத்தை ஒட்டிப் பழனி மலைப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. பாதயாத்திரைக் கூட்டம் அடிவாரச் சாலைகளை நிறைத்திருக்கும், அவசரம் என்றால் வண்டி நகராது. கொடைக்கானல் மலைக்கு வண்டியில் ஏறுபவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் வந்தது. எவர்சில்வர் பாட்டிலோ கேனோ கொண்டுபோங்கள்.

பாறையைப் பார்ப்பது எப்படி

மாலை 3 மணிக்குள் இடத்தில் இருங்கள். தையில் ஆறே காலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், மலை மடிப்பில் அதற்கும் முன்பே இருட்டிவிடும். வெளிச்சத்தில் பார்க்காத பாறைக்கு அடியில் படுக்கக் கூடாது.

உள்ளே டார்ச் அடியுங்கள். பின்சுவர் தெரிய வேண்டும். தெரியாத அளவுக்கு உள்ளே இருட்டாக நீண்டு போனால் அது குகை, அது உங்களுக்கு இல்லை. கரடிகள் குட்டி போடும் பருவம் இது. மார்கழி, தையில் பாறைப் பொந்துக்குள் ஈன்ற தாய், இரண்டு மூன்று மாதம் குட்டிகளோடு அங்கேதான் கிடக்கும். பயந்த கரடியை விடக் குட்டியுள்ள கரடி ஆபத்தானது. பக்கத்துக் கறையான் புற்று தோண்டிக் கிடந்தாலோ, மண்ணில் நீள நகத்தடம் இருந்தாலோ, எச்சத்தில் பழக்கொட்டையும் கறையான் தலைகளும் கலந்து தெரிந்தாலோ, சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். எலும்புத் துண்டுகள் கிடக்கும் இடமும் வேண்டாம். அங்கே வேறு யாரோ சாப்பிட வருகிறார்கள். வௌவால் எச்சம் மெத்தை போலக் குவிந்திருந்தால் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தபடி இரவெல்லாம் படுப்பது நுரையீரலுக்குக் கேடு.

பிறகு அண்ணாந்து பாருங்கள். பாறை விளிம்பில் மலைத்தேனீ அடை தொங்குகிறதா? அடை இல்லாமல் வெளுத்த பிறைவடிவத் தடம் மட்டும் இருந்தாலும் விலகிவிடுங்கள். பூக்காலம் தொடங்கும்போது ஆண்டுதோறும் அதே பாறைக்குத் திரும்புவது அவற்றின் வழக்கம். புகையும் வெளிச்சமும் பட்டால் இரவிலும் கிளம்பி வரும். இந்த மலைகளின் பளியர்களுக்குப் பாறைத் தேன் எடுப்பது பரம்பரைத் தொழில். எந்தப் பாறையில் தேனீ உட்காரும் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டால் உங்கள் அரை நாள் அலைச்சல் மிச்சம்.

சுவரையும் கூர்ந்து பாருங்கள். வெள்ளை, செங்காவிக் கோடுகளில் மனிதரோ மாடோ தெரிந்தால் நீங்கள் நிற்பது பல நூற்றாண்டுகளுக்கு முந்தையவர்களின் ஓவியத்துக்கு முன்னால். நீலகிரியில் கரிக்கியூர் அருகே உள்ள பொறிவரையில் இத்தகைய ஓவியங்கள் ஏராளம்; வந்துபோனவர்கள் பெயரைக் கிறுக்கிக் கெடுத்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் தொடாமல் பார்த்துவிட்டு வேறு பாறை தேடுங்கள், தொல்லியல் துறைக்கும் தெரியப்படுத்துங்கள். தாண்டிக்குடிப் பக்கம் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த கற்திட்டைகள் உண்டு. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பியவை அவை. அதற்குள் பையை வைத்துவிட்டுச் சாய்ந்து கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இவ்வளவும் தேறினால், கடைசியாகத் திசை. தையில் அடிப்பது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. வாய் வடக்கே பார்த்த பாறையில் படுத்தவர் விடிய விடிய நடுங்குவார். தெற்கோ தென்மேற்கோ பார்த்த பாறையைத் தேர்ந்தெடுங்கள். இந்த மாதம் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அப்படிப்பட்ட பாறை பிற்பகல் முழுக்க வெயில் குடித்திருக்கும். உட்கார்ந்து முதுகைச் சாய்த்தால் இரவு எட்டு மணிக்கும் இளஞ்சூடு தெரியும். பள்ளத்தில் படுக்காதீர்கள். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சரிவின் நடுப்பகுதி கதகதப்பானது.

முன்பனிக் காலத்தில் கூடாரத்தை விடப் புடவு மேலானது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. திறந்த வானத்துக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை வானத்துக்கு இழந்து குளிர்ந்துபோகும். அதன்மேல் பனி இறங்கும். தலைக்கு மேல் பாறை இருந்தால் அந்த இழப்பு குறையும். ஒரே இரவில் வெளியே கட்டிய கூடாரத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்க, பத்தடி தள்ளிப் பாறைக்கு அடியில் விரித்த ஜமுக்காளம் மொறமொறவென்று இருந்ததைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

படுக்கை, தீ, சாப்பாடு

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் இரவு 20 என்றால் மேலே 14, விடியற்காலையில் இன்னும் கீழே. மேலே போர்த்துவதை விடக் கீழே விரிப்பதில்தான் கவனம் வேண்டும். தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தார்ப்பாய், அதன்மேல் ஃபோம் பாய், அதன்மேல் கம்பளி. மெத்தென்று இருக்கட்டும் என்று புல்லும் இலையும் அறுத்துப் பரப்ப வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். இது கொசுவுக்காக மட்டுமில்லை. கட்டுவிரியன் இரவில் அலையும், தரையில் தூங்குபவரைக் கடிக்கும், கடித்த வலியே பல நேரம் தெரியாது. காலையில் வயிற்று வலி, கண் இமை சொருகல் என்று தொடங்கினால் நேற்றுச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து 108-ஐ அழையுங்கள். செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கிறது, பாம்புக்கடி மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்ற இரண்டையும் போகும்போதே கேட்டுவையுங்கள். வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்து உருவாகும் அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரியது. மலைக்காட்டின் குழிவிரியன்களுக்கு அது சரிவரக் கேட்பதில்லை. ஆகவே புதருக்குள் கை விடாதீர்கள், பாறை இடுக்கைப் பிடித்து ஏறாதீர்கள்.

தீ மூட்டாதீர்கள். நெருப்பைச் சுற்றி உட்கார எனக்கும் ஆசைதான், இருந்தாலும் சொல்கிறேன். பாறைக்கூரைக்கு அடியில் தீ வளர்த்தால் சூட்டில் கல் செதிலாகப் பெயர்ந்து விழும். புகை வெளியேறாமல் உங்கள் மேலேயே கவிழும். தோட்டத்துக்கு அப்பால் காப்புக்காடு தொடங்குகிறது, ஒரு பொறி போதும். பிளாஸ்க்கில் சுக்குமல்லிக் காபி, புளிச்சோறு, தயிர் சேர்க்காத கட்டுச்சோறு, அவல், கடலைமிட்டாய் போதும். பொங்கலுக்கு மிஞ்சிய கரும்பையும் வாழைத்தாரையும் மட்டும் காருக்குள்கூட வைத்துப் போகாதீர்கள். யானைக்கு அந்த வாசனை வெகுதூரம் எட்டும். இரவுச் சாப்பாட்டை இருட்டுவதற்குள் முடித்து, மிச்சத்தைத் தோட்ட வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர் சுமந்தே போங்கள். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். ஒதுங்குவதற்கு ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிச் சாணளவு குழி தோண்டி மூடுங்கள்.

சாராயம் கூடவே கூடாது. ஒருவர் குடித்தாலும் அன்றைக்கு ஆறு பேரும் இறங்கிவிடுங்கள்.

இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். அதை நான்கு சாமமாகப் பிரித்து, சாமத்துக்கு ஒருவர் விழித்திருங்கள். விழித்திருப்பவரின் வேலை கேட்பது. மூங்கில் முறியும் சத்தம், காட்டுமாட்டின் மூச்சு, கடமானின் திடீர்க் கத்தல் கேட்டால் மற்றவர்களைத் தொட்டு எழுப்பினால் போதும், டார்ச்சைச் சுழற்ற வேண்டாம். காட்டில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இந்த மூன்றாம் சாமம். பக்கத்தில் நண்பர்களின் மூச்சு, எதிரே கறுத்த மலைவரி, எங்கோ ஓர் ஆந்தை. பேச்சில்லாமல் இத்தனை நெருக்கம் ஊருக்குள் எனக்குக் கிடைத்ததில்லை. பாட்டுப் பெட்டி கொண்டுபோனவர்களுக்கு இது கிடைக்காது.

திரும்பி வந்த பிறகு

வீட்டுக்கு வந்த அன்றே உடுப்பு, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள், சோப்புப் போட்டுக் குளியுங்கள். மழைக்குப் பின் வரும் இந்தக் குளிர்மாதங்கள் உண்ணிக்காய்ச்சலின் காலமும்கூட. புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து வருவது அது. புல்லை அறுத்துப் பரப்பாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் அப்படிப் புல்மெத்தை போட்டுப் படுத்தான். பத்தாம் நாள் காய்ச்சல். முதலில் பார்த்த இடத்தில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரம் போயிற்று, மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்தார். “எங்கேப்பா போய்ப் படுத்துட்டு வந்தே?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. டாக்சிசைக்ளின் கொடுத்தபின் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அந்த ஒரு வாரத்தில் அவன் அம்மா எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

ஆகவே திரும்பிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால், மருத்துவரிடம் உட்கார்ந்தவுடனே காட்டில் தரையில் படுத்ததைச் சொல்லுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை படும் இடம் ஆகியவற்றில் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.