கல் ஓரிடம், கல்லறை ஓரிடம்

கண்ணா,

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றிலும் கல்லறைக் கற்கள் தளவரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதையும், வருவோர் போவோரெல்லாம் அவற்றை மிதித்து நடப்பதையும் கண்டு மனம் கூசியதாக எழுதியிருந்தாய். உன் கூச்சம் நியாயமானது. ஆயினும், அக்கற்களில் பெயர் பொறிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அவற்றின் அடியில் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள். அவர்களுடைய தேகங்கள் கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றத்தை அடுத்துப் பழைய சட்டக் கல்லூரி நிற்கும் பூமியில் அடங்கிக் கிடக்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் அவ்விடத்துக்குக் கொய்யாத் தோட்டம் என்று பெயர். கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்தின் ஓரமாக இருந்த அந்த மயானத்தில், பொருளும் பதவியும் படைத்த ஆங்கிலேயர்கள் தம்மவர் சமாதிகளின்மேல் ஸ்தூபிகளையும் மண்டபங்களையும் உயர உயர எழுப்பினார்கள். அந்த உயரமே பின்னால் ஆபத்தாக முடிந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டைப் பீரங்கிகளின் குண்டுகளுக்குத் தப்பி மறைந்து நிற்க அவருடைய படைவீரர்களுக்கு அந்தச் சமாதிகளே அரண்களாக உதவின. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, முற்றுகை கலைந்தது. பகைவனுக்கு இன்னொரு முறை அந்த வசதி கிட்டலாகாது என்று தீர்மானித்த அதிகாரிகள், தம் முன்னோரின் சமாதிகளைத் தாமே இடித்துத் தரைமட்டமாக்கி, எழுத்துள்ள கற்களை மட்டும் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து பரப்பினார்கள். பயம் மிகுந்த அரசாங்கம் தன்னவரில் மாண்டவர்களிடத்திலும் தாட்சண்யம் காட்டாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நம் நகரில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கற்களுக்கு அங்கும் நிம்மதியில்லை. ஹைதர் அலியோடு யுத்தம் மூண்டபோது, கொத்தளங்களில் பீரங்கிகளை ஏற்றி நிறுத்துவதற்காக அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பல சிதைந்த பிறகே திரும்பி வந்தன. தேவாலயத்துக் கற்களுள் 1652-இல் இந்தியாவுக்கு வரும் வழியில் கப்பலிலேயே உயிர்நீத்த எலிசபெத் பேக்கர் என்னும் மாதின் கல், இந்நாட்டில் உள்ள ஆங்கிலேயர் கல்லெழுத்துகளில் மிகத் தொன்மையானதென்று கருதப்படுகிறது.

கொய்யாத் தோட்டத்தில் இடிபடாமல் தப்பியவை இரண்டே. ஒன்று பவுனி குடும்பத்தாரின் சமாதி. மற்றது, 1680-இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸும், 1688-இல் பால்ய வயதிலேயே மறைந்த டேவிட் யேலும் சேர்ந்து அடங்கியிருக்கும் உயர்ந்த ஸ்தூபி. ஹின்மர்ஸின் விதவை காதரினை 1680-இல் மணந்தவர் எலிஹு யேல். டேவிட் அவர்களுடைய புத்திரன். பின்னாளில் யேல் அளித்த நன்கொடைக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரி 1718-இல் அவர் பெயரை ஏற்றுக்கொண்டது. இன்று உலகம் போற்றும் சர்வகலாசாலை அதுவே. அவர் சென்னைக் கவர்னராக இருந்த காலத்தில் இக்கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதையும் நீ மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கல் நாட்டியவர் எவருமில்லை. பீரங்கிகளுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமென்பதற்காக வீடுவாசல்களை இழந்த கறுப்பர் பட்டணத்து ஜனங்களின் பெயர்களும் எந்தக் கல்லிலும் இல்லை. நகரத்தின் சரித்திரத்தைக் கல்லெழுத்துகளை மட்டும் கொண்டு படிப்பவன், கல் வெட்டப் பணம் இருந்தவர்களின் சரித்திரத்தையே படிக்கிறான். ஆகவே எந்தக் கல்லைக் கண்டாலும், இது முதலில் எங்கே நின்றது, இதைப் பெயர்த்தவர் யார், எதற்காகப் பெயர்த்தார் என்று விசாரிக்கும் வழக்கத்தை இந்த வயதிலேயே பழகிக்கொள்.

முற்றுகைக்குப் பிறகு தீவுத்திடலை அடுத்து ஏற்பட்ட புதிய மயானம் பல்லவன் சாலையில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன். விடுமுறையில் மறுபடியும் கோட்டைக்குப் போனால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போ. மழையும் காலடிகளும் தேய்த்துவிட்ட வரிகள் ஏராளம். லத்தீன் எழுத்துகள் விளங்காவிட்டாலும் கண்ட வடிவத்திலேயே எழுதி அனுப்பு; அர்த்தத்தை இருவருமாகத் தேடிக் காண்போம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா