முகமூடியும் முகவெழுத்தும்

யவனர் நாடகத்தைப் பயிலும் நமக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு: அவர்தம் நடிகர் முகத்தை ஏன் மறைத்தனர்? எபிடாரஸ் நகரத்து அரங்கு ஏறத்தாழ 14,000 பேர் அமரத்தக்கது. குன்றின் சரிவில், பட்டப்பகலில், கடைசிப் படியிலிருப்போனுக்கு நடிகன் கண்ணீர் புலனாமோ? ஆகவே துணியை விறைப்பேற்றி முகமூடி செய்தனர். மூன்றே நடிகர் பல வேடங்களை ஏற்கவும் அது துணையாயிற்று.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெருக்கூத்தோ இரவில் விடியுமட்டும் நிகழ்வது. பார்ப்போர் ஆடுகளத்தைச் சூழ்ந்து தரையில் அமர்வர். விழி உருளுவதும் மீசை துடிப்பதும் தெரியுமிடத்து முகமூடி எதற்கு? அரிதாரமே போதும். வேண்டுவது ஒளி. கல்யாணமுருங்கை மரத்தாலான கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் இவற்றிற் பதித்த கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியை வாரியிறைக்கும். இருவர் பிடிக்கும் திரையின் பின்னின்று துரியோதனன் பாடித் தோன்றுங்கால் கிரீடமே முதலில் மின்னும். (இளங்கோவடிகள் கூறும் எழினி ஈண்டு நினைவுக்கு வரும்.) இவ்வொப்பனையை மிகையென்று யானும் ஒருகால் நகைத்ததுண்டு; பகலில், நாற்காலியில் அமர்ந்து கண்ட குற்றம் அது.

நிற்க. பாரதக் கூத்தின் இறுதிநாட் படுகளம் பகலில் நடைபெறும், வெளியெங்கும் மக்கட்டிரள். அங்கே அரிதாரம் எட்டாது. துரியோதனனைப் பல அடி நீள மண்ணுருவமாக வனைந்து, வண்ணந்தீட்டித் தரையிற் கிடத்துகின்றனர். பகலும் தொலைவும் கூடியவிடத்து யவனரைப்போலவே நம்மவரும் முகத்தைப் பெரிதாக்கினர் என்பது என் துணிபு. அவ்வுருவின் தொடையில் வீமன் கதையால் அடிக்க, அங்கு ஒழுகும் செந்நீரைத் தடவித் திரௌபதி கூந்தல் முடிப்பாள்.