பொன்முடிப் படமும் நியூயார்க் ஒப்பந்தமும்

மக்களே,

பொன்முடிப் படங்கள் வந்து சேர்ந்தன. 22 கொண்டை ஊசி வளைவு ஏறியும் முகத்தில் வாட்டமே இல்லை! படம் மங்கக் கூடாதென்று வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பியிருக்கிறாய். அதனால் கூடவே வேறொன்றும் வந்தது. விவரத்தைத் திறந்தால் 8.76 வடக்கு, 77.12 கிழக்கு, எடுத்த நேரம், போன் மாடல் எல்லாம் இருக்கிறது. (சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் இடக்குறிப்பை நீக்கிவிடும்.) மலைக்குப் பரவாயில்லை. வீட்டு மாடியில் எடுத்தாலும் கேமரா இப்படித்தான் எழுதி வைக்கும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடு.

‘என் விவரத்தை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?’ என்று கேட்டாயே, உங்கள் திருவனந்தபுரத்துக் கதையே இருக்கிறது. 2020 கொரோனா சமயத்தில், வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் உடல்நல விவரங்களைக் கேரள அரசு திரட்டியது. அவற்றை ஒழுங்குபடுத்தித் தர ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனம் வந்தது, அதுவும் காசு வாங்காமல். நல்ல காரியம்தானே? ஆனால் தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றது ஒப்பந்தம். விவரம் கொடுத்த ஜனங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரல் 24 அன்று இடைக்கால உத்தரவு வந்தது: இன்னார் என்று காட்டும் விவரங்களை நீக்கிவிட்டே நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும், இனிமேல் சம்மதம் வாங்கியே திரட்ட வேண்டும், அதை வைத்து வியாபாரம் கூடாது.

கொடுக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை பார். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்றுதான் பார்த்தது. நீயும் அதைக் கேள். ‘நீ எந்த நடிகை மாதிரி’ என்று சொல்லும் ஆப்புக்கு உன் பிறந்த தேதி எதற்கு? காண்டாக்ட்ஸ் எதற்கு? அதில் ஆச்சியின் நம்பரும் இருக்கிறது. அதைத் தூக்கிக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை. நாளைக்கு ‘பரிசு விழுந்திருக்கு’ என்று எவனாவது கூப்பிட்டு ஓடிபி கேட்டால், ஆச்சி பாவம், சொல்லிவிடுவாள்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் விவரத்தைப் பெறப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்தப் பகுதி அமலாக அதிலிருந்து 18 மாதம். ஆனால் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டு உள்ளே போனால், ஆப்பின் கணக்கில் நீ பெரியவள். அந்தப் பாதுகாப்பு உனக்கில்லை.

இன்றைக்கே பெர்மிஷன் மேனேஜரைத் திறந்து, மைக்கும் லொகேஷனும் எந்தெந்த ஆப்புக்குக் கொடுத்திருக்கிறாய் என்று பார். தனியாக டார்ச் ஆப் வைத்திருந்தால் முதலில் அதைத் தூக்கு. போனிலேயே டார்ச் இருக்கிறது.

அன்புடன்,
மாமா