தொட்டியில் காய்கறி, இரவில் நத்தை: கொடைக்கானல் வீட்டுக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் கேரட், பீன்ஸ், முள்ளங்கி, லெட்டூஸ் எல்லாம் வாசல் தொட்டியிலேயே செழிப்பாக வரும். ஆனால் அந்தக் குளிரும் மூடுபனியும் ஓடில்லா நத்தைக்கும் கொண்டாட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் ஒரே இரவில் இளநாற்றை மொட்டையடித்துவிடும். இரவு நேரத்தில் தொட்டியைச் சுற்றி ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

1. கேரட்டுக்கு ஓர் அடி ஆழத் தொட்டி வேண்டும். கீரை, லெட்டூஸுக்கு அரை அடி போதும். பழைய பக்கெட்டும் எண்ணெய் டின்னும் உதவும். அடியில் நான்கைந்து துளை போட்டு, கொசுவலைத் துண்டு விரித்து மண் நிரப்புங்கள். நத்தை அந்தத் துளை வழியாகவும் ஏறும்.

2. பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தும் முன் கிளறிப் பாருங்கள். ஜவ்வரிசி மணிபோல வெண்மையாகக் கொத்தாகக் கிடந்தால் நத்தை முட்டையாக இருக்கலாம். எடுத்து நசுக்கிவிட்டு மண்ணை வெயிலில் காயவிடுங்கள்.

3. தண்ணீர் காலையில் மட்டும்.

4. தொட்டியைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வைத்து, அதன் கால்களை உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். இலையோ கொடியோ சுவரைத் தொட்டால் அதுவே பாலமாகிவிடும், வெட்டிவிடுங்கள்.

5. இருப்பதிலேயே நம்பகமானது சாக்குப் பொறிதான். பொழுது சாயும்போது ஒரு சாக்குத் துண்டை நனைத்துத் தொட்டிகளுக்கு நடுவே விரித்து, அடியில் முட்டைக்கோஸின் வெளி இலையோ பப்பாளித் தோலோ வையுங்கள். இரவில் மேய்ந்த நத்தைகள் விடிந்ததும் அதற்கடியில் ஒண்டும். வெயில் ஏறும் முன் உப்புத் தண்ணீர் வாளியில் உதறிவிடுங்கள். ஒரு நாள்கூட விடக்கூடாது. எடுக்காத சாக்கு நத்தைக்கு வீடாகிவிடும். மழை நின்ற இரவில் டார்ச்சுடன் ஒரு சுற்று வந்தால் இன்னும் நல்லது. தொட்டி விளிம்பின் உள்பக்கத்தையும் பாருங்கள்.

6. நத்தையைத் தடுக்க முட்டை ஓட்டை மலைபோல் நம்ப வேண்டாம். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் லெட்டூஸை வைத்துச் சோதித்தது. முட்டை ஓடு, செம்புப் பட்டை, கம்பளி உருண்டை எதுவும் கடியைக் குறைக்கவில்லை.

7. உப்பைத் தொட்டி மண்ணில் தூவாதீர்கள், செடியே கருகிவிடும். மெட்டால்டிஹைடு குருணை நாய், பூனைக்குக் கொடிய விஷம். வீட்டு வாசலில் அது வேண்டவே வேண்டாம்.

8. நாற்றை நாலைந்து இலை விடும்வரை ஜன்னலோரம், வீட்டுக்குள்ளேயே வளர்த்து, பிறகு வெளியே நடுங்கள். மழை மாதங்களில் லெட்டூஸைக் குறைத்துப் பூண்டை அதிகமாக்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டை நத்தை அவ்வளவாகச் சீண்டாது. ஆனால் பக்கத்துத் தொட்டிக்கு அது காவல் நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

9. நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொடவிடாதீர்கள். மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழு சில நத்தைகளில் இருக்கும். பச்சையாகச் சாப்பிடும் லெட்டூஸை இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இரு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். நத்தை மேய்ந்த இலையாக இருந்தால் சமைத்தே சாப்பிடுங்கள்.