செவியும் காதும்

நுழையும்முன்

பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் பிற மாநிலத்தில் குடியேறிய குடும்பங்களில், வீட்டினுள் ஒரு மொழியும் வாயிலுக்கு வெளியே மற்றொரு மொழியும் வழங்கும. இரண்டையும் நாள்தோறும் பேசும் பிள்ளைகளுக்குச் சில தடுமாற்றங்கள் நேர்வது இயல்பு. அத்தடுமாற்றங்களுக்குள் மறைந்திருக்கும் ஒரு பயனை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாடம்

நான் பணிமாறுதல் பெற்றுத் திருப்பதிக்கு வந்த முதல் வாரம். பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைக் கண்டு, "எப்புடு வச்சாரு?" என்று அன்போடு வினவினார். எப்படி வந்தேன் என்று கேட்கிறார் எனக் கருதி, "பேருந்தில் வந்தேன்" என்று விடையளித்தேன். அவர் புன்னகை செய்தார். தெலுங்கில் 'எப்புடு' என்பதற்கு 'எப்பொழுது' என்பது பொருள் என அன்று மாலைதான் அறிந்தேன்.

இத்தகைய நிகழ்ச்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருவர், கடைக்காரர் "கோடிகுட்டு" என்று கூறக் கேட்டு, "ஒரு முட்டை கோடி ரூபாயா?" என்று திகைத்தாராம். கோழியைத் தெலுங்கில் 'கோடி' என்பர். 'கோடிகுட்டு' என்றால் கோழிமுட்டை.

இவை சிரித்து மறக்கத்தக்கவை. ஆனால், எல்லாச் சிரிப்பும் அவ்வாறு மறைந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி சித்தூரில் பிறந்தவள். அவளுடைய பெற்றோரின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, "ஆச்சி, செவி நோகிறது" என்றாள். உடனிருந்த அத்தை பிள்ளைகள், "காது வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதா? நீ தெலுங்குப் பிள்ளை ஆகிவிட்டாய்" என்று நகைத்தனர். இங்கு வந்தாலோ, 'காது' என்று கூறவேண்டிய இடத்தில் 'லேது' என்று கூறியதற்காக உடன் பயில்வோர் நகைத்தனர். விடுமுறை முடிந்து வந்தவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒரு நாள், "ஐயா, எனக்கு இரண்டு மொழியுமே வராதா?" என்று கேட்டாள்.

நான் விடை கூறாமல் திருக்குறளை அவளிடம் கொடுத்து, 'கேள்வி' என்னும் 42ஆம் அதிகாரத்தில் 'செவி' என்னும் சொல் எத்தனை குறட்பாக்களில் வருகிறது என்று எண்ணச் சொன்னேன். ஐந்து குறட்பாக்களில் இருந்தது. தெலுங்கர் நாள்தோறும் வழங்கும் அதே 'செவி' வள்ளுவர் வாக்கிலும் இருப்பதைக் கண்டு அவள் வியந்தாள். 'நோதல்' என்பதும் பழந்தமிழ்ச் சொல்லே. அவள் பேசியது பிழையன்று. நம் பேச்சு வழக்கில் அருகிப்போன நல்ல தமிழ்.

இவ்வாறு அமையக் காரணம் உண்டு. தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். இவ்வுறவை 1816இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலில் விரிவாக விளக்கினார். ஒரு வீட்டுப் பிள்ளைகள் பிரிந்து வாழும்போது, பாட்டியின் பொருள்களில் சில அண்ணன் வீட்டிலும் சில தம்பி வீட்டிலும் தங்கிவிடும் அல்லவா? சொற்களும் அத்தகையனவே. நாம் செய்யுளில் மட்டும் காணும் சில சொற்கள் அவர்கள் சமையலறையில் வழங்குகின்றன.

இலக்கணத்திலும் இப்பயன் உண்டு. "இதி இல்லு காது" என்பது "இது வீடு அன்று" எனப் பொருள்படும். "இக்கட இல்லு லேது" என்பது "இங்கு வீடு இல்லை" எனப் பொருள்படும். பேச்சுத்தமிழில் இரண்டிற்கும் 'இல்லை' என்றே கூறிவிடுகிறோம். 'அன்று', 'இல்லை' ஆகியவற்றின் வேறுபாட்டை எழுத்துத்தமிழ் இன்றும் போற்றுகிறது. 'காது', 'லேது' இரண்டையும் பிரித்தறியும் பிள்ளைக்கு அவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

நாம் வாழும் இடமும் இவ்வுறவுக்குச் சான்று. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிப்பிடுகிறது. திருமலைக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. மார்கழித் திங்களில் அங்குச் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானபோது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறியது. இரு மொழி பேசுவோரும் கோட்டின் இருபுறமும் அண்டை வீட்டாராகவே வாழ்கின்றனர்.

ஆயினும் ஒன்றை நினைவில் கொள்க. ஒரே ஒலி இரு மொழியிலும் ஒரே பொருள் தரும் என்று எண்ணிவிடலாகாது. தமிழில் 'காது' உறுப்பு. தெலுங்கில் அது மறுப்பு. இரண்டையும் அதனதன் இடத்தில் பிழையின்றி வழங்கப் பழகுதல் வேண்டும்.

அம்மாணவி அடுத்த விடுமுறையிலும் ஆச்சியிடம் 'செவி' என்றே கூறினாளாம். நகைத்தவர்களுக்கு அதிகார எண்ணையும் சொன்னாளாம்.

அறிந்துகொள்வோம்

தெலுங்கு – இலக்கியத் தமிழ் – பேச்சுத்தமிழ்
செவி – செவி – காது
இல்லு – இல் – வீடு
ஆவு – ஆ – பசு
செப்பு – செப்பு – சொல்லு

தமிழில் ழகரம் வரும் சில சொற்களில் தெலுங்கில் டகரம் வரும்: ஏழு – ஏடு, கோழி – கோடி. 'ஏழுமலையான்' என்பதையும் 'ஏடுகொண்டலவாடு' என்பதையும் ஒப்பிட்டு நோக்குக. ('கொண்ட' – மலை)

சொற்பொருள்

வினவுதல் – கேட்டல். நகைத்தல் – சிரித்தல். நோதல் – வலித்தல். அருகுதல் – குறைதல்

பயிற்சி

1. கோடிட்ட இடத்தில் 'அன்று' அல்லது 'இல்லை' எழுதுக.
அ) இது என் புத்தகம் ______.
ஆ) என்னிடம் புத்தகம் ______.

2. ஆசிரியர் மாணவியின் வினாவுக்கு விடை கூறாமல் திருக்குறளைக் கொடுத்தது ஏன்?

3. உங்கள் வீட்டில் இரு மொழிகளால் நேர்ந்த தடுமாற்றம் ஒன்றை ஐந்து தொடர்களில் எழுதுக.

4. தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு, தமிழிலும் தெலுங்கிலும் ஒத்து வரும் பத்துச் சொற்களைத் தொகுத்து வருக.